திரைக்கதைப் பயிற்சி: பூட்டைத் திறந்தது யார்?



சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் நம் இளைஞர் பிரிவு 2 நாள் திரைக்கதைப் பட்டறை ஒன்றை நடத்தியது. நானும் போயிருந்தேன். நான் படிப்பது இயந்திரப் பொறியியல். சினிமாவுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, மாமாக் கடையில் உட்கார்ந்து "படம் செம", "படம் மொக்கை" என்று தீர்ப்பு சொல்வதோடு சரி. ஆனாலும் ஒரு குறும்படக் கதையை எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 12 பக்கம். ஒரு பல்கலைக்கழக மாணவன், அவனை எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் அப்பா, பணக் கஷ்டம், கைவிட்டுப் போகும் நண்பர்கள். கடைசிக் காட்சியில் மகன் மழையில் நின்று அழுவான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால் நல்ல கதை என்று நம்பிவிட்டேன்.

பட்டறையை நடத்திய அக்கா 12 பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதுல உன் ஹீரோ என்ன செய்யறான்?"

"ரொம்ப கஷ்டப்படறான்கா."

"அது அவனுக்கு நடக்கறது. அவன் என்ன செய்யறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் ஹீரோ 12 பக்கத்திலும் எதையுமே செய்யவில்லை. எல்லாம் அவனுக்கு நடந்துகொண்டே இருந்தன.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததையும் பார்த்ததையும்தான் இங்கே பாடமாக எழுதியிருக்கிறேன். உங்களில் பலர் கல்லூரிக் கலை இரவுக்கோ போட்டிக்கோ குறும்படம் எடுக்க நினைப்பீர்கள். அவர்களுக்கு இது உதவும்.

1. கதையைச் சொல்வது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு

ஒரு மோட்டார் ஓடுவதைப் பார்த்து "நல்லா ஓடுது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் கழற்றிப் பார்க்க வேண்டும். திரைப்படக் கதையும் அப்படித்தான். கதைச் சுருக்கம் எழுதுவதோ, நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுப்பதோ ஆய்வு ஆகாது. எந்தப் பாகம் எந்தப் பாகத்தைத் தள்ளுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு.

கழற்றிப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட படம் 'தேவர் மகன்'. 1992 தீபாவளிக்கு வந்தது. கதை, திரைக்கதை கமல்ஹாசன், இயக்கம் பரதன். நாம் பிறப்பதற்கு முன்னாடி வந்த படம் என்றாலும், வீட்டில் அப்பா அம்மாவோடு தொலைக்காட்சியில் ஒரு தடவையாவது பார்த்திருப்போம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தக் கட்டுரைக்குத் திரும்பி வாருங்கள். முடிவையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

2. முதல் வேலை: ஒரே வாக்கியம்

கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் 3 விஷயம் இருக்க வேண்டும்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது.

"லண்டனில் படித்துவிட்டுக் காதலியோடு ஊருக்கு வரும் சக்தி, சென்னையில் உணவகங்கள் நடத்தப் போய்விட வேண்டும் என்று நினைக்கிறான், ஆனால் அப்பாவின் ஊரும் அந்த ஊரின் பகையும் அவனை விடமாட்டேன் என்கின்றன."

இதில் "வீரமான இளைஞன்", "உணர்ச்சிப் போராட்டம்" மாதிரியான சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட சொற்கள் விளம்பரத்துக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. 'வேண்டும்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். சக்திக்கு வேண்டியது ஊரை விட்டுப் போவது. இந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டு படம் முழுக்கப் பாருங்கள், ஒவ்வொரு காட்சியும் அந்த ஆசையை இழுத்துப் பிடிப்பது தெரியும்.

3. 'அப்புறம்' வேண்டாம், 'அதனால்' வேண்டும்

சின்னப் பிள்ளைகள் கதை சொல்லும்போது "அப்புறம்... அப்புறம்..." என்று போவார்கள். என் 12 பக்கமும் அப்படித்தான் இருந்தது. அப்பா திட்டினார், அப்புறம் பணம் இல்லை, அப்புறம் நண்பன் ஏமாற்றினான், அப்புறம் மழை பெய்தது. ஒரு காட்சியை எடுத்துவிட்டாலும் அடுத்த காட்சிக்கு ஒன்றும் ஆகாது.

'தேவர் மகன்' கதையை வரிசையாக எழுதி, இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் 'அதனால்' போட்டுப் பார்த்தேன்.

ஊர்க்கோயில் ஒன்று பகையால் பூட்டிக் கிடக்கிறது. காதலி பானுவுக்குத் தன் சின்ன வயசு ஊரைச் சுற்றிக் காட்டும் சக்திக்கு உள்ளே போக ஆசை. கூட இருக்கும் இசக்கி பூட்டைத் திறந்துவிடுகிறான். அதனால் எதிர்ப் பங்காளி மாயனின் ஆட்கள் இசக்கியின் கையை வெட்டுகிறார்கள். அதனால், இது பெரிய கலவரமாக ஆகிவிடக் கூடாது என்று சக்தி சட்டப்படியே கோயிலைத் திறக்க ஏற்பாடு செய்கிறான். அதனால் அவமானப்பட்ட மாயன் கரையை உடைக்க வைக்கிறான். வெள்ளத்தில் குழந்தைகள் உட்படப் பலர் சாகிறார்கள். அதனால் பஞ்சாயத்து. அங்கே அவமானப்பட்டுத் திரும்பிய பெரிய தேவர் இறந்துபோகிறார். அதனால் சக்தி அப்பாவின் இடத்தில் உட்கார்கிறான். ஊராருக்கு அடைபட்ட பாதையைத் திறக்க, நிலத்துக்காரரின் மகள் பஞ்சவர்ணத்துக்கு அவனே மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிறான். ஆனால் மாப்பிள்ளை பயந்து ஓடிவிடுகிறான். அதனால் சக்தியே தாலி கட்டுகிறான். பானு கையை விட்டுப் போகிறாள்.

ஒரு கண்ணியை உருவிப் பாருங்கள், சங்கிலி அறுந்துவிடும். இதுதான் நல்ல திரைக்கதையின் முதல் சோதனை.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். முதல் கண்ணி யார் கையில் இருக்கிறது? மாயன் கையில் இல்லை, சக்தி கையில்தான் இருக்கிறது! பகை பழையதுதான், மாயன் கொடுமைக்காரன்தான். ஆனால் அன்றைக்குப் பூட்டைத் திறக்க வைத்தது சக்தியின் விளையாட்டு ஆசை. அதற்கு விலை கொடுத்தது இசக்கியின் கை. அந்தக் குற்ற உணர்ச்சி இல்லையென்றால் சக்தி அடுத்த பேருந்திலேயே சென்னைக்குப் போயிருப்பான். கதையும் 20 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

4. காட்சிக்குள் என்ன நடக்கிறது?

பொறியியல் மாணவர்களுக்கு 'ஃப்ரீ பாடி டயகிராம்' தெரியும். ஒரு பொருளை மட்டும் தனியாக வரைந்து, அதன்மேல் எந்தெந்த விசை எந்தத் திசையில் தள்ளுகிறது என்று அம்புக்குறி போடுவோம். எல்லா விசையும் சமமாகிவிட்டால் நின்றுகொண்டிருக்கும் பொருள் நகராது. ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் நகரும்.

காட்சிக்கும் இதையே செய்யலாம். சக்தி, தான் ஊரை விட்டுப் போவதாக அப்பாவிடம் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சக்தி. ஒரு பக்கம் பானு, சென்னைக் கனவு, 'இது என் வாழ்க்கை' என்ற நியாயம். இன்னொரு பக்கம் அப்பாவின் வயசு, ஊர் மக்கள், தான் படித்த படிப்பு யாருக்குப் பயன்படணும் என்ற கேள்வி. அந்தக் காட்சி இன்றுவரை பேசப்படுவதற்கு சிவாஜி, கமல் இருவரின் நடிப்பு ஒரு காரணம். எழுத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது: இருவர் சொல்வதும் சரி. தப்பான அப்பாவை எதிர்த்துப் பேசுவது சுலபம். சரியான அப்பாவிடம் என்ன பேசுவது?

என் கதையில் அப்பா வெறும் திட்டுகிறவர். அவருக்குக் காரணமே நான் கொடுக்கவில்லை. அம்புக்குறி ஒரே பக்கம்தான் இருந்தது. அதில் நடிக்க நடிகருக்கு ஒன்றும் இல்லை.

வில்லனுக்கும் இதே கணக்குதான். மாயனைக் கேட்டால் அவன் தன்னை வில்லன் என்று சொல்லமாட்டான். பெரிய தேவர் வீட்டுக்குக் கிடைக்கும் மரியாதை தன் வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பது அவன் ஆதங்கம். அவன் செய்வது எல்லாம் அநியாயம், ஆனால் காரணம் இல்லாமல் செய்வதில்லை. உங்கள் வில்லன் பக்கம் நின்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாத்திரம் இன்னும் தயார் ஆகவில்லை என்று அர்த்தம்.

5. ஆரம்பத்தில் வைத்தது கடைசியில் வந்து நிற்கணும்

படத்தின் தொடக்கத்தில் சக்தி ரயிலில் வந்து இறங்குகிறான்: நீள முடி, நவீன உடை, பக்கத்தில் காதலி. படத்தின் முடிவிலும் ரயில்தான். மாயனைக் கொன்ற குற்றத்தை ஏற்றுக்கொண்டு சிறைக்குப் போகிறான். பழியை நாங்கள் ஏற்கிறோம் என்று ஊரார் முன்வந்தும் அவன் சம்மதிக்கவில்லை. ஆயுதத்தை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

முதல் வாக்கியத்தில் அவனுக்கு என்ன வேண்டும் என்று எழுதினோம்? ஊரை விட்டுப் போக வேண்டும். கடைசியில் போகத்தான் செய்கிறான், ஆனால் அவன் நினைத்த மாதிரி இல்லை. கதையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனிதன் எவ்வளவு மாறியிருக்கிறான் என்று தெரிய வேண்டும்.

6. படம் பேசாத பக்கத்தையும் கேளுங்கள்

ஆய்வு என்றால் பாராட்டு மட்டும் இல்லை. 'தேவர் மகன்' வன்முறை வேண்டாம் என்று முடிகிற படம். ஆனால் பல பேர் நினைவில் நிற்பது அந்த முடிவு இல்லை. சாதிப் பெருமையாக எடுத்துக்கொள்ளப்பட்ட பாட்டும் மீசையும்தான். ஏன் அப்படி ஆனது? இரண்டரை மணி நேரம் பெருமையாகக் காட்டியதைக் கடைசி 5 நிமிடம் அழித்துவிடுமா? இந்தக் கேள்வியை நம் நாட்டில் இருக்கிற நாமும் கேட்கணும். சாதி இங்கே இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்போது எத்தனை வீட்டில் அது எட்டிப் பார்க்கிறது?

இன்னொரு கேள்வி: கையை இழந்த இசக்கியின் கதை என்ன? பூட்டைத் திறந்ததற்கு முழு விலையும் கொடுத்தவன் அவன். ஆனால் கதை சக்தியோடு போய்விடுகிறது.

இந்தக் கேள்வியை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். இயக்குநர் மாரி செல்வராஜ். 2023-இல் 'மாமன்னன்' வெளிவந்த சமயத்தில், 'தேவர் மகன்' தனக்குள் எழுப்பிய வலியும் கேள்வியும்தான் அந்தப் படத்துக்குக் காரணம் என்று கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே பேசினார். அதில் வரும் இசக்கிதான் தன் மாமன்னன் என்றார். இசக்கியாக நடித்த வடிவேலுவே மாமன்னனாகவும் நடித்தார். ஒரு படத்தைச் சரியாகக் கேள்வி கேட்டால் இன்னொரு படமே பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

7. நம் ஊர்ச் சான்று ஒன்று

"அதெல்லாம் தமிழ்நாட்டுப் படம், நம் கதையை எப்படி எழுதுவது?" என்று கேட்பவர்கள், சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படத்தைப் பாருங்கள். 2015 டிசம்பரில் திரைக்கு வந்து, 2016-இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வான தமிழ்ப் படம். 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல்தான் நம்மவர் வாயில் 'ஜகாட்' ஆனது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில் 12 வயசுப் பையன் அப்போய். படி படி என்று அடிக்கும் அப்பா ஒரு பக்கம். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோ இன்னொரு பக்கம். வறுமையை, பள்ளியை, சமுதாயத்தை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கதையை எழுதியிருக்க முடியும். படம் அவற்றையெல்லாம் மறைக்காமல் காட்டுகிறது. ஆனால் அப்போய் வெறும் பாவப்பட்ட பையனாக நிற்பதில்லை. குறும்பு செய்கிறான், ஆசைப்படுகிறான், தேர்ந்தெடுக்கிறான். அதனால்தான் அவன் வழி தவறும்போது நமக்கு வலிக்கிறது. மகாபாரதத்தில் கர்ணன் கதை நம்மை உலுக்குவதும் இதனால்தான். பிறப்பு அவன் கையில் இல்லை. உண்மை தெரிந்த பிறகும் துரியோதனன் பக்கமே நிற்பது அவன் எடுத்த முடிவு. மணிரத்னம் 1991-இல் 'தளபதி'யில் எடுத்துக்கொண்டதும் அந்த முடிவைத்தான்.

8. என் 12 பக்கத்துக்கு என்ன ஆனது?

பட்டறை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கதையில் 'அதனால்' போட்டுப் பார்த்தேன். முதல் காட்சியில் அப்பா திட்டுகிறார். அதற்கு முன்னால் என்ன நடந்தது? எதனால் திட்டினார்?

உண்மை எனக்குத் தெரியும். நான்தான் எழுதவில்லை.

முதல் ஆண்டு இரண்டாம் பருவத்தில் நான் இரண்டு பாடத்தில் தோற்றுப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. "ஓகேப்பா, பரவாயில்ல" என்றேன். என் புள்ளி குறைந்ததால் அடுத்த பருவத்துக்குக் கல்விக் கடன் பணம் வரவில்லை. "சிஸ்டத்துல ஏதோ பிரச்சினை, லேட்டா வரும்" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் எடுத்து மாதம் 400 வெள்ளி அனுப்பினார். 3 மாதம் கழித்துத்தான் அவருக்கு உண்மை தெரிந்தது.

என் கதையின் பூட்டைத் திறந்தது நான்தான். அந்தக் காட்சியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை எழுதி, அப்பாவை வில்லனாக்கி, நானே அழுதும் இருக்கிறேன்.

திரும்ப எழுதினேன். இந்த முறை மகன் பொய் சொல்லும் காட்சிதான் முதல் காட்சி. அப்பாவுக்கு உண்மை தெரியும் காட்சியில் அவர் கத்துவது மாதிரி எழுதியிருந்தேன். வெட்கத்தை விட்டு அதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். பிறகு சொன்னார்:

"நான் அன்னிக்குத் திட்டவே இல்லையேப்பா."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கீழே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டினார் என்று நானாகவே மனதில் மாற்றி வைத்திருக்கிறேன், ஏனென்றால் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு பக்க வசனத்தை வெட்டிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் இருப்பது இவ்வளவுதான்:

வெளி – அடுக்குமாடி வாகனம் நிறுத்துமிடம் – மாலை
அப்பா மோட்டாரைத் துடைக்கிறார். சுத்தமாக இருக்கும் அதே இடத்தைத் திரும்பத் துடைக்கிறார். மேல்மாடி ஜன்னலில் மகன்.

திரைக்கதை எழுதும் முறை இதுதான். உள்ளா வெளியா, எந்த இடம், என்ன நேரம் என்று ஒரு வரி. பிறகு கேமரா பார்ப்பது, காது கேட்பது மட்டும். 'அப்பா மனமுடைந்து போனார்' என்று எழுதினால் கேமராவால் எடுக்க முடியாது, துணியை எடுக்க முடியும். ஒரு பக்கம் சுமார் 1 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. 12 பக்கமாக இருந்த என் கதை 7 பக்கமானது.

கைப்பேசியில் எடுத்த அந்தக் குறும்படத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அப்பாவும் பார்த்தார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றார். அதுவும் உண்மைதான், மைக் வாடகைக்கு எடுக்க எங்களிடம் காசு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துணி நம்ம வீட்டுத் துணிதானே?" என்று கேட்டார்.

9. உங்களுக்கான பயிற்சி

வார இறுதியில் 3, 4 பேராகச் சேர்ந்து செய்யுங்கள். தனியாகச் செய்வதைவிட நன்றாக வரும்.

அ) எல்லாரும் பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார், என்ன வேண்டும், எது தடை என்று ஒரே வாக்கியத்தில் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். வாக்கியம் வேறுபடும் இடத்தில்தான் நல்ல விவாதம் வரும்.

ஆ) முக்கியமான 10 நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதுங்கள். நடுவில் 'அதனால்' அல்லது 'ஆனால்' போடுங்கள். 'அப்புறம்' மட்டுமே பொருந்தும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

இ) ஒரே ஒரு காட்சிக்கு விசைப் படம் வரையுங்கள். அம்புக்குறி இரண்டு பக்கமும் இருக்கிறதா?

ஈ) கதை மறந்துவிட்ட ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் பார்வையில் அரைப் பக்கம் எழுதுங்கள்.

உ) கடைசியாக, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய காட்சியை எழுதுங்கள். அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

மேற்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு எழுத்தாளர் சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' நல்ல தொடக்கம். எளிமையாக, சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தருகிறார்.

ஐந்தாவது பயிற்சி கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். அதை யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில்தான் உங்கள் கதை தொடங்குகிறது.